பன்னிரண்டாம் எண் சட்டை

கல்லூரிக் கூடைப்பந்து அணிக்குச் சட்டை துவைக்கும் சவரிமுத்துவுக்கு அந்தப் பருவம் முழுக்க ஒரே குடைச்சல். ஆட்டம் முடிந்து மூட்டையை அவிழ்த்தால், பன்னிரண்டாம் எண் சட்டைதான் பிழியப் பிழிய வியர்வை சொட்டும். கேப்டனுடையதுகூட அவ்வளவு நனைந்திருக்காது.

“யாரு சார் இந்தப் பன்னிரண்டு? உசுரக் கொடுத்து ஆடுவாரு போல,” என்று கோச்சிடம் கேட்டார்.

“இளமாறனா? அவன இன்னும் ஒரு மேட்ச்லகூட இறக்கலையே. பெஞ்சுலதான உக்காந்திருக்கான்.”

இறுதி ஆட்டத்துக்குச் சவரிமுத்து நேரிலேயே போனார். பந்தைப் பார்க்காமல் பெஞ்சையே பார்த்தார். இளமாறன் முட்டியில் கைவைத்து ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தான்; சட்டை மட்டும் நனைந்து முதுகோடு ஒட்டிக் கிடந்தது. கடைசிப் பத்து நிமிடம் இருக்கையில் கேப்டனுக்குக் கால் பிசகியது. கோச் இளமாறனைக் கூப்பிட்டார். அவன் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் பேய் மாதிரி ஓடினான், விழுந்தான், எழுந்தான், ஐந்து கூடை போட்டான். பையன்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

மூட்டை வந்ததும் அந்தச் சட்டையைத்தான் முதலில் தேடி எடுத்தார். கழுத்தைத் தடவினார், முதுகைத் தடவினார். அக்குளில்கூட ஈரமில்லை. காலையில் அவர் தேய்த்துக் கொடுத்த மடிப்பு அப்படியே நின்றது.