பெருக்காத வீடு

சைபுன்னிசா ஒற்றையறை வீட்டை மறுபடியும் பெருக்குகிறாள். சன்னல் வழியே வெயிலோடு நெய்வேலிச் சுரங்கத்துக் கரித்தூளும் இறங்கிக்கொண்டே இருக்கிறது. கான்ட்ராக்ட் வேலை முடிந்துபோன நூருல்லா, மாலத்தீவுக்குத் தோணி ஏறப் படுக்கையைச் சுருட்டிக் கட்டுகிறான்.

"எத்தினி வாட்டி பெருக்குவே?"

"நீங்க கெளம்பிட்டா, போய்ச் சேந்த சேதி வர்ற வரைக்கும் தொடப்பத்தைத் தொடக் கூடாதுங்க."

"மழை புடிச்சா தபால் தோணியே வராதாம். மாசக்கணக்கா ஆவும்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணிக்கிறான். "தீவு பூரா நம்ம ஜனங்கதான். அங்கயும் பாங்கு சத்தம் கேக்கும்."

அவள் தலையாட்டுகிறாள். அவன் படுக்கைக் கட்டைத் தூக்கி, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விடுகிறான். நிலைப்படிக்கு உள்ளே, பெருக்கிய பிறகும் படிந்துவிட்ட தூளில், அவனுடைய வெறுங்கால் தடம் ஐந்து விரலோடும் கிடக்கிறது. சுரங்கத்துப் பக்கமிருந்து காற்று எழும்புகிறது. அவள் துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டு, அவன் சாப்பிடும் பீங்கான் தட்டை எடுத்து வந்து தடத்தின் மேல் மெல்லக் கவிழ்க்கிறாள்.