கோழிக்கு இடமில்லை

"கடவுள் கோழிக்கு இறக்கை குடுத்ததே, பாஸ்தாத் தட்டுலேர்ந்து தப்பிச்சுப் போகத்தான்."

விதாந்தோனியோ இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. பேக்கரியில் இருந்த மற்ற இருவரும் சிரிக்கவில்லை. ஒருவன் பேக்கரிக்காரன் கொசிமோ. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் துறைமுகத் தெருவே பாஸ்தாத் தட்டுகளைக் கொண்டுவந்து அவன் அடுப்பில் வேகவைக்கக் கொடுத்துவிட்டுப் போகும். இன்னொருவன் ருஜ்ஜேரோ. விதாந்தோனியோவிடம் அவர் மகள் லொரெதானாவைப் பெண் கேட்டிருப்பதால், சிரிக்கும் வசதி இல்லாதவன்.

விதாந்தோனியோவின் தட்டு ஏற்கெனவே அடுப்பில் இருந்தது. அதில் பாஸ்தாவோடு பன்றி இறைச்சி சாசேஜ் மட்டும்தான். ருஜ்ஜேரோ தன் தட்டை அங்கேயே மேசைமேல் வைத்து அடுக்கிக்கொண்டிருந்தான். முக்கால் வேக்காட்டில் வடித்த பாஸ்தா, தோலுரித்து உதிர்த்து வதக்கிய சாசேஜ், அதே கொழுப்பில் சிவக்க வறுத்த கோழித் துண்டுகள். அதன்மேல் தக்காளிச் சாறு, சீஸ். மறுபடி பாஸ்தா.

"சாசேஜ் சரி. அது குடும்பத்து ஆளு. கோழி எதுக்குடா உள்ள வருது?"

"கப்பல்ல சமைச்சப்போ பழகினது, மாமா. ரெண்டும் சேர்ந்தாத்தான் ருசி."

"மாமாவா? நான் இன்னும் தலையாட்டல."

"கூப்பிட்டுப் பழகிக்கிறேன்."

"ஓரத்துல சாறு பத்தாது. காஞ்சுபோயிடும்."

"நீங்கதான் இதைத் தொடவே மாட்டீங்களே."

"பொதுநன்மைக்குச் சொன்னேன்."

ருஜ்ஜேரோ ஓரத்தில் சாறு ஊற்றி, சீஸைத் தூவி, தட்டை கொசிமோவிடம் கொடுத்தான். துறைமுகக் கேன்டீனில் வேலைக்கு நேரமாகிவிட்டது. இரண்டு மணிக்குத்தான் திரும்புவான்.

"மாமா, புதன்கிழமை ஒரு கப்பல் கெளம்புது. எட்டு மாசம். நீங்க சரின்னா நான் போகல. இல்லேன்னா போயிடறேன். இன்னிக்கே சொல்லிடுங்க."

"கோழி போடுற வீட்டுக்கு என் பொண்ணு வாழப் போகமாட்டா."

"அவ்வளவுதானே? விட்டுடறேன். அடுத்த ஞாயிறுலேர்ந்து கோழி கிடையாது. சத்தியமா."

விதாந்தோனியோவின் முகம் ஒரு மாதிரி ஆனது. கொசிமோ அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எதுக்கு இப்போ அவசரப்பட்டுச் சத்தியமெல்லாம்?"

"லொரெதானாவுக்காக."

"மாமனாருக்குப் பயந்து இன்னிக்குக் கோழியை விடுறவன், நாளைக்கு வேற எவனுக்காவது பயந்து என் பொண்ண விடமாட்டான்னு என்ன நிச்சயம்? ஆம்பளைன்னா ஒரு கொள்கை வேணும். கோழி போடுறவன் போட்டுக்கிட்டேதான் இருக்கணும்."

ருஜ்ஜேரோவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"அப்போ கல்யாணம்?"

"ஜூன்ல வச்சுக்கலாம். கப்பல்காரன்கிட்ட வரலன்னு சொல்லிடு."

ருஜ்ஜேரோ அவருடைய இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்துவிட்டு, கை கழுவ மறந்து ஓடினான். விதாந்தோனியோ கன்னத்திலிருந்த தக்காளியைத் துடைத்துக்கொண்டார்.

ஒன்றரை மணிக்குத் திரும்பி வந்தார். லொரெதானாவுக்கு ஆஸ்பத்திரியில் பகல் வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் தனியாகத்தான் சாப்பிடுவார். வெந்து ஆறிக்கொண்டிருந்த தட்டுகளில் ஒன்றை எடுத்துத் துணியால் மூடினார்.

"அண்ணே," என்றான் கொசிமோ, மாவிலிருந்து கண்ணை எடுக்காமல். "இது அஞ்சாவது ஞாயிறு. உங்க தட்டைத் தின்னுட்டு அந்தப் பையன், நான்தான் மாத்திக் குடுக்கறேன்னு என்னை முறைக்கிறான்."

விதாந்தோனியோ துணியின் ஓரத்தைத் தூக்கி ஒரு கோழித் துண்டை எடுத்து வாயில் போட்டு, பொறுமையாக மென்று விழுங்கினார்.

"ஜூன் வரைக்கும் தாங்கிக்கடா. மாப்பிள்ளை ஆயிட்டா கேட்டே வாங்கிக்கிறேன்."