டிவி டீ போடுமா?

பதினேழாம் நம்பர் அறையிலிருந்து ஏழாவது தடவையாக போன் வந்தது.

“ஏம்மா, இது தலையணையா, கருங்கல்லா?”

“சார், புயல் வருது. மூணு மணிக்கு எல்லாரும் ஹோட்டலைக் காலி பண்ணணும். இப்போ எதுக்கு சார் தலையணை?”

“மூணு மணி வரைக்கும் எனக்குக் கழுத்து வேணாமா?”

ரிசப்ஷன் பெண் போனை வைத்துவிட்டுப் பல்லைக் கடித்தாள். நேற்று சாயங்காலம் வந்த மனுஷன். வந்ததிலிருந்து குழாய் சொட்டுது, ஃபேன் கத்துது, ஜன்னல் கொக்கி ஆடுது என்று ஒரே புகார். எல்லாமே உண்மைதான். அதற்காக ஒன்று விடாமல் சொல்லணுமா?

அவள் கவலை அவளுக்கு. ஆறு வயது மகளைக் காலையிலேயே தங்கச்சியோடு பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளிக்கூட முகாமுக்கு அனுப்பிவிட்டாள். “சாயங்காலம் அம்மா கண்டிப்பா வந்துடுவேன்” என்று சத்தியம் வேறு.

மேனேஜரிடம் போனாள்.

“கெஸ்ட் எல்லாரும் இந்த பஸ்ல. ஸ்டாஃப் நீங்க மூணு பேரும் ரெண்டாவது பஸ்ல.”

“அது எப்போ சார் வரும்? நாலு மணிக்குப் பாலத்தை மூடிடுவாங்களாம்.”

“அதுக்குள்ள வந்துடும்ங்கறேன்ல!”

சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் மட்டும் முதல் பஸ்ஸில் போகிறார். ஆள் எண்ண வேண்டுமாம்.

வாசலில் பஸ் நின்றது. கடைசி வரிசையில் மூன்று சீட்டில் ஹோட்டலின் மூன்று புது டிவிகள். பெட்ஷீட் சுற்றி, கயிறு கட்டி, குளிருக்குப் போர்த்திய பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தன.

“முதலாளி உத்தரவு” என்றார் மேனேஜர்.

“அடுத்த பிறவியிலாவது டிவியா பொறக்கணும்” என்றாள் அறை சுத்தம் செய்யும் அக்கா. டீ மாஸ்டர் சிரித்தார். ரிசப்ஷன் பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியாக பதினேழாம் நம்பர் வந்தார். படியில் காலை வைத்தவர், உள்ளே எட்டிப் பார்த்தார். காலை எடுத்துவிட்டார்.

“இவங்க வரலையா?”

“அடுத்த பஸ் சார். ஏறுங்க.”

“அப்போ எனக்கு யார் டீ போடுவா?”

மேனேஜர் அசடு வழிந்தார். “முகாம்ல ஏதாவது குடுப்பாங்க சார்...”

“ஏதாவது குடிக்கவா ஞாயித்துக்கிழமை வரைக்கும் ரூம் போட்டேன்? டீ மாஸ்டர் வரணும். படுக்கை விரிக்க அந்தம்மா வரணும். நான் புகார் சொன்னா எழுதிக்க இந்தப் பொண்ணு வரணும்.”

“இடமில்லையே சார்!”

“ஏன்யா, அந்த டிவி எனக்கு டீ போட்டுத் தருமா?”

பஸ்ஸுக்குள் ஒரே சிரிப்பு. அடுத்த நிமிஷம் முணுமுணுப்பு.

“வானம் இருட்டிக்கிட்டு வருது, இந்தாளு டீ டீங்கறாரு!”

“ஏறித் தொலைங்க சார்!”

அவர் அசையவில்லை. பெட்டியைப் படியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். கதவைச் சாத்த முடியாது.

டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார். “எதையாவது இறக்குங்க, யாரையாவது ஏத்துங்க. பாலத்தை மூடிட்டா நானும் உங்க ஹோட்டல்லதான் குடித்தனம் பண்ணணும்.”

மேனேஜர் முதலாளிக்கு போன் போட்டார். சிக்னல் இல்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“இறக்குங்கய்யா!”

மூன்று டிவியையும் அவர்கள் மூன்று பேருமே தூக்கிக்கொண்டு இரண்டாவது மாடிக்கு ஓடினார்கள். அவ்வளவு சந்தோஷமாக அவர்கள் எந்தச் சுமையையும் தூக்கியதில்லை.

பஸ் கிளம்பியது. சீட் கிடைத்ததும் ரிசப்ஷன் பெண்ணுக்குக் கோபம் வந்தது.

“பார்த்தியாக்கா? ஊரே உயிரைக் கையில பிடிச்சுட்டு ஓடுது. இவருக்கு மட்டும் கைகட்டி நிக்க மூணு ஆள் வேணுமாம்.”

“சும்மா வா பாப்பா” என்றார் டீ மாஸ்டர். “டீ என்ன, காலை அமுக்கச் சொன்னாலும் அமுக்கறேன்.”

பாலம் தாண்டியபோது பின்னால் தடுப்பை இழுத்துப் போட்டார்கள். “ஐயோ, நம்ம ரெண்டாவது பஸ்?” என்று ரிசப்ஷன் பெண் டிரைவரிடம் கேட்டாள்.

“ரெண்டாவது பஸ்ஸா? யாரு சொன்னது? உங்க ஹோட்டலுக்கு நான் ஒருத்தன்தான்.”

மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பி ரொம்ப அக்கறையாகக் கடலைப் பார்த்தார்.

முகாமில் மகள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். “சொன்ன மாதிரியே வந்துட்டியே!”

அவளைத் தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கிக் கொஞ்சி முடித்த பிறகுதான் பதினேழாம் நம்பரின் ஞாபகம் வந்தது. கடனே என்று டீ மாஸ்டரிடம் ஒரு டம்ளர் வாங்கிக்கொண்டு, மகளையும் இழுத்துக்கொண்டு தேடிப் போனாள்.

தன் படுக்கையைத் தானே விரித்துவிட்டு, அவர் குழாயடியில் முகாம் பொறுப்பாளரைப் பிடித்து வைத்திருந்தார். “வாஷர் போயிடுச்சு. ராத்திரி பூரா சொட்டும். யாரு தூங்கறது?”

“சார், டீ.”

அவர் திரும்பினார். அவளைப் பார்த்தார். அவள் முந்தானையைப் பிடித்திருந்த குட்டியைப் பார்த்தார்.

“தலையணை விஷயத்தை எழுதிக்கிட்டியா?”

“எழுதிட்டேன் சார். டீ ஆறுது.”

“நீயே குடிம்மா” என்றார். “எனக்கு டீ குடிக்கிற பழக்கமே கிடையாது.”