குறையில்லாத தெரு

"ஏதாவது ஒரு குறை சொல்லுங்கக்கா. சின்னக் குறையா இருந்தாலும் போதும்."

தையற்கார அக்கா மிஷினை மிதித்துக்கொண்டே யோசித்தார். "என் வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லலாமா தம்பி?"

"அது மாநகராட்சியால ஆகாத காரியம்க்கா."

அப்படியானால் தன்னிடம் வேறு குறை இல்லை என்று கைவிரித்துவிட்டு, அவர் சட்டைக்குக் கை வைத்துத் தைக்கத் தொடங்கிவிட்டார்.

மாநகராட்சியின் ஸ்மார்ட் சிட்டி பிரிவு அதிகாரி அழாத குறையாக வாசலில் நின்றார். ஊருக்கே புதிதாக ஒரு செயலி வந்திருந்தது. தெருவில் எது கெட்டாலும் செல்போனில் தட்டிவிட்டால் போதும். அக்கம்பக்கத்தாருக்கும் அந்தப் புகார் போகும். "எனக்கும் இதே குறைதான்" என்று அவர்கள் ஒரு பொத்தானை அழுத்தலாம். எத்தனை பேர் அழுத்துகிறார்களோ அத்தனை வேகமாக வேலை நடக்கும். மக்களையும் அவர்கள் வட்டாரத்தையும் இணைக்கும் பாலம் இது என்று மேலதிகாரி அம்மாள் ஏறிய மேடையில் எல்லாம் பேசிவந்தார்.

மற்ற தெருக்களில் பாலத்தின் மேல் ஒரே நெரிசல். இவர் பொறுப்பிலிருந்த தெருவிலோ காக்கா குருவிகூடப் புகார் கொடுக்கவில்லை. செயலியை மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரியாதவருக்கு இந்த ஊரில் என்ன வேலை, வெள்ளிக்கிழமைக்குள் புகார் வராவிட்டால் வேறு ஊருக்கு மாற்றல் என்று மேலதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார்.

மாற்றல் என்றால் அதிகாரியின் குடும்பம் மறுபடியும் இரண்டாகிவிடும். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஓர் ஊர், மனைவி ஓர் ஊர். இப்போதுதான் அவளுக்கு இங்கே வேலை கிடைத்து, இருவரும் ஒரே வீட்டில் சேர்ந்து சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அது இந்தத் தெருக்காரர்களுக்கு எப்படித் தெரியும்? அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் வேலை செய்வதுதான். விளக்கு எரியவில்லை என்று கம்பத்தில் இருக்கும் கருவி அலுவலகத்துக்குத் தகவல் சொல்வதற்குள், கோடி வீட்டு எலக்ட்ரீஷியன் ஏணியோடு மேலே ஏறிவிடுவார். சாக்கடை அடைத்தால் யாராவது ஒருவர் கம்பியோடு வந்து நிற்பார். குழாய் சொட்டினால் மாடியிலிருந்து ஒரு குரல் கொடுத்தால் போதும், ஸ்பானர் வந்துவிடும். இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு ஓர் அதிகாரி எப்படித்தான் பிழைப்பது?

பொறுத்துப் பார்த்த மனுஷன் ஒருநாள் மானத்தைப் பார்க்காமல் தன் வீட்டுக் குப்பையை ஒரு பையில் கட்டிக்கொண்டு வந்து, நடுத்தெருவில் போட்டுவிட்டு மரத்துக்குப் பின்னால் மறைந்துகொண்டார். யாராவது செல்போனை எடுப்பார்கள் என்று எதிர்பார்த்தார். எலக்ட்ரீஷியன் பையை எடுத்துக்கொண்டு நேரே மரத்தடிக்கு வந்தார்.

"சார், உங்க பை விழுந்துடுச்சு."

வியாழக்கிழமை வேறு வழியில்லாமல் தையற்கார அக்காவிடமே உண்மையைப் போட்டு உடைத்தார். மாற்றல், மனைவியின் வேலை, இத்தனை வருஷம் பிரிந்து இருந்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார். அக்காவின் மிஷின் முதல் தடவையாக நின்றது.

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன தம்பி? நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போங்க. இது எங்க பொறுப்பு."

அன்று சாயங்காலம் தெருவே அக்காவின் கடை வாசலில் கூடிவிட்டது. செயலியை இறக்கத் தெரியாதவர்களுக்கு எலக்ட்ரீஷியன் இறக்கிக் கொடுத்தார். இரவு சாப்பிடும் நேரத்தில் அதிகாரியின் செல்போன் ஓயாமல் மணியடித்தது. இவர் தெருவிலிருந்து புகார் வந்திருக்கிறது, ஆதரவு குவிகிறது என்று அலுவலகத்திலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவே இல்லை. அவளுக்கும் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலையில் ஆபீசுக்குப் போகும் வழியில் நன்றி சொல்ல அக்காவின் கடையில் நுழைந்தார். எலக்ட்ரீஷியனும் அங்கேதான் இருந்தார். அவர்கள் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. இவர் வாயைத் திறப்பதற்குள் மேலதிகாரியிடமிருந்து அழைப்பு வந்தது.

"நம்ம ஊர்லயே உங்க தெருதான் முதலிடம். ஒரு வீடு பாக்கியில்லாம எல்லாரும் ஒரே புகார். இப்படி ஒரு ஒத்துமையை நான் பார்த்ததே இல்ல."

"எல்லாம் உங்க ஆசீர்வாதம் மேடம்."

"தெருவே சேர்ந்து கேக்கும்போது தள்ளிப்போட முடியுமா? காலையிலயே தீர்த்து வெச்சுட்டேன். உங்க மாற்றல் உத்தரவு மேசை மேல இருக்கு, வந்து வாங்கிக்குங்க."

அதுதான் புகார் வந்துவிட்டதே, பிறகு எதற்கு மாற்றல் என்று அதிகாரி கேட்பதற்குள் அழைப்பு நின்றுவிட்டது.

"அக்கா, அப்படி என்னதான் புகார் எழுதினீங்க?"

"பொய் எழுத யாருக்கும் மனசு வரல தம்பி. இந்தத் தெருவுல உண்மையாவே என்ன தொல்லை இருக்குன்னு உக்காந்து யோசிச்சோம். தினமும் ஒருத்தர் வீடு வீடா வந்து குறை கேட்டு உயிரை வாங்குறார், அவரைக் கொஞ்சம் கவனிங்கன்னு எழுதிட்டோம்" என்றார் அக்கா பெருமையாக. "பேரைப் போட்டா உங்களுக்கு வம்பாயிடுமேன்னு, போட்டோ மட்டும்தான் போட்டோம்."