மூன்றாம் சரணத்தில் ஒரு மிதி

மூன்றாம் சரணத்தில் பார்ட்லி ஓங்கித் தரையை மிதித்ததும் லோர்கனுக்குக் கண் கலங்கிவிட்டது. உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த பார்ட்லியின் மனைவி சோர்காவும் கையை நிறுத்தாமல் அதே நொடியில் மிதித்தாள். அடுப்பின் முன்னால் படுத்திருந்த நாய் காதைக்கூட அசைக்கவில்லை.

கடலுக்குப் போன காதலனைத் தேடி ஒருத்தி கரையில் நின்று அழுகிற பாட்டு அது. அயர்லாந்தில் அதைப் பாடாத வாய் கிடையாது, இசைத்தட்டில் பதியாத கம்பெனி கிடையாது. லோர்கன் அத்தனை தட்டையும் வாங்கித் தேயத் தேயக் கேட்டவன். ஆனால் ‘எங்கே போனாய்’ என்று மூன்று தடவை பாடி, ஒரு மிதி மிதித்து, ஒன்றுமே நடக்காதது மாதிரி அடுத்த வரிக்குப் போகிற ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறான்.

அவன் கொண்டுவந்த ஒலிப்பதிவு மெஷின் மேஜையில் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் டீக் கோப்பையும் கையுமாக டெர்வ்லா. டப்ளினில் ஒரு வானொலி நிலையத்தில் அவனோடு வேலை பார்ப்பவள்; அவன் பிழைப்பில் மண்ணைப் போடவே பிறந்தவள் என்பது அவன் கட்சி.

“இந்த நாட்டுல பரம்பரையா பாடறவங்க ஒருத்தருமே மிச்சமில்லப்பா. அமெரிக்காவுலேருந்து வந்த இசைத்தட்டைக் கேட்டுப் பாடம் பண்ணிட்டு, பாட்டன் சொத்துன்னு கதை விடறாங்க” என்று போன மாதம் அவள் நட்ட நடு ஆபீசில் சொல்லிவிட்டாள். லோர்கனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தட்டு வாடையே படாத பாட்டு ஒன்றைப் பிடித்துக் காட்டுகிறேன், முடியாவிட்டால் என் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியை நீயே எடுத்துக்கொள் என்று எல்லார் காதிலும் விழச் சவால் விட்டான்.

அதற்காகத்தான் மழையிலும் சேற்றிலும் மேற்குக் கடற்கரை முழுக்க அலைந்து, கடைசியில் ஆடு மேய்க்கிற இந்தப் பார்ட்லியின் வீட்டைக் கண்டுபிடித்து, அவளையும் சாட்சிக்கு இழுத்து வந்திருக்கிறான்.

பாட்டு முடிந்தது. லோர்கன் நாற்காலி நுனிக்கு வந்தான்.

“அண்ணே, இதை யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?”

“கத்துக்கறதாவது! பால்குடி வயசுலேருந்து இதே அடுப்படியில கேட்டதுதான். எங்கம்மா, சித்தப்பன், அக்கம்பக்கத்து வீடு, எல்லாரும் இப்படித்தான் பாடுவாங்க. ஒரு எழுத்து பிசகாது” என்றார் பார்ட்லி.

டெர்வ்லா முகத்தில் ஈயாடவில்லை. “மூணு தடவை பாடறதும் சரி, அந்த மிதியும் சரி, நான் கேட்ட எந்தத் தட்டுலயும் இல்ல. ஒத்துக்கறேன், நீ ஜெயிச்சுட்டே.”

“இப்படி முணுமுணுத்தா எப்படி? மைக் கிட்ட வந்து சொல்லு!”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மைக்குக்குக் குனிந்தாள். “லோர்கன் ஜெயிச்சான். நான் தோத்தேன். போதுமா? மெஷினை நிறுத்தித் தொலை, ரொட்டி ஆறிப்போகுது.”

அவனாவது நிறுத்துவதாவது. தலைகால் புரியாத சந்தோஷம். இந்த ஜென்மத்தில் அவள் மறுபடி வாயைத் திறக்கக் கூடாது என்று தோன்றியது. மைக்கைத் தூக்கிப் பார்ட்லியின் மூக்குக்கு நேரே நீட்டினான்.

“அண்ணே, அந்த மிதிக்கு என்ன அர்த்தம்னு இந்தம்மாவுக்கு உங்க வாயாலயே சொல்லுங்க. கடலை அதட்டறதா? செத்தவனை எழுப்பறதா? எத்தனை நூறு வருஷத்துப் பழக்கம்?”

பார்ட்லி மனைவியைப் பார்த்தார். மனைவி உருளைக்கிழங்கைப் பார்த்தாள்.

“அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. எங்க வீட்டு இசைத்தட்டுல அந்த இடத்துல கீறல், எல்லாரும் சேந்து மிதிச்சாத்தான் முள்ளு நகரும்.”