மனசாட்சி வராத சிப்பாய்

"கட். யோவ், சாட்டையைக் கீழே போடுய்யா."

கஸ்பார் போடவில்லை. டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். இது நாலாவது தடவை.

பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் சினிமா எடுக்க வந்திருந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கதை. வரி கட்டாத விவசாயியைக் கம்பத்தில் கட்டி அடிக்கச் சொல்கிறான் துரை. சிப்பாய் மூன்று அடி அடிக்கிறான். நாலாவதுக்குக் கை ஓங்கும்போது மனசாட்சி உறுத்துகிறது. சாட்டையை எறிந்துவிடுகிறான். இவ்வளவுதான் காட்சி.

விவசாயி வேஷம் வெங்கடாசலத்துக்கு. ஊரிலேயே பெரிய நிலக்காரர். ஷூட்டிங்குக்கு நிலத்தைச் சும்மா விட்டவர். "மூஞ்சி தெளிவா வரணுங்க" என்று ஒரே நிபந்தனை. அதனால் கேமரா அவர் முகத்துக்கு நேரே நின்றது. கூட்டமும் கேமராவுக்குப் பின்னால். வெற்று முதுகும் கஸ்பாரும் அந்தப் பக்கம்.

சிப்பாய் வேஷத்துக்கு ஆள் கேட்டபோது கஸ்பார்தான் முன்னால் வந்தான்.

"முன்னே நடிச்சிருக்கியா?"

"பதினோரு வருசமா சேசுநாதரை அடிக்கிறவன் சார். தவக்காலத்துப் பாஸ்கா நாடகத்துல."

டைரக்டருக்கு ஒன்று தெரியாது. ஊருக்குத் தெரியும். கஸ்பாரின் பசு வெங்கடாசலத்தின் நிலக்கடலையில் வாய் வைத்துவிட்டு, ரெண்டு நாளாக அவர் தொழுவத்தில் கட்டிக் கிடக்கிறது. கன்று கஸ்பார் வீட்டில் கத்திக்கொண்டிருக்கிறது. "நாலு பேரு பாக்க எங்கால்ல வுழட்டும், அவுத்து வுடறேன்" என்பது வெங்கடாசலத்தின் தீர்ப்பு.

இப்போது நாலு பேர் என்ன, நானூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அஞ்சாவது டேக். ஆக்‌ஷன்."

சுளீர். வெங்கடாசலம் அலறினார். சுளீர். கட்டிய கயிற்றோடு துள்ளினார். மூன்று, நாலு, அஞ்சு, ஆறு. கஸ்பார் நிறுத்துகிற மாதிரி இல்லை.

"கட். மூணுதான்யா. அப்புறம் உனக்கு மனசாட்சி வரணும்."

"எங்க பாஸ்காவுல சிப்பாய்க்கு அதெல்லாம் கெடையாதுங்க சார். தீர்ப்பு சொல்ற பிலாத்து கையக் கழுவறதோட சரி. வரமாட்டேங்குது."

"வரவழைய்யா. பிலிம் என்ன, மரத்துலயா காய்க்குது?"

கூட்டத்தில் ஒருவர், "இவனுக்கு அந்த வெள்ளைக்காரனே தேவலை" என்றார்.

"மாட்டுக்குப் பழி தீர்க்கறான், பாவிப்பய" என்றார் இன்னொருவர்.

கஸ்பாரின் மனைவி புஷ்பமேரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இந்த மனுசன் ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வருவாரு?"

ஆறாவது டேக்கும் அப்படியே போனது. ஏழாவதும். அப்புறம் வெயிலை மேகம் மறைத்தது. கலையட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"கஸ்பாரு." கம்பத்திலிருந்து மெல்லக் குரல் வந்தது.

"சொல்லுங்க."

"மாட்டை அவுத்துர்றேன்டா."

"கால்ல வுழணும்னீங்களே. எல்லாரும் இருக்காங்க. இப்பவே வுழட்டுங்களா?"

"வேண்டாம்டா சாமி. ஒண்ணும் வேண்டாம்."

"கன்னு ரெண்டு நாளாப் பட்டினிங்க. சாயங்காலம்னா தாங்காது."

வெங்கடாசலம் கூட்டத்தில் நின்ற தன் பண்ணையாளைக் கூப்பிட்டார். "தர்மா, ஓடுடா. பசுவைக் கஸ்பார் வூட்ல வுட்டுட்டு வா."

"வசனத்துல இது இல்லியே" என்று பேப்பரைப் புரட்டினார் உதவி டைரக்டர்.

மேகம் கலைவதற்கும் தர்மன் திரும்பி வந்து தலையாட்டுவதற்கும் சரியாக இருந்தது.

"எட்டாவது டேக். ஆக்‌ஷன்."

சுளீர், சுளீர், சுளீர். நாலாவதுக்கு ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. கஸ்பாரின் உதடு துடித்தது. கண் கலங்கியது. சாட்டை மண்ணில் விழுந்தது.

டைரக்டர் ஓடி வந்து கட்டிக்கொண்டார். "மனசாட்சின்னா இதுய்யா. இத்தனை நேரம் இதை எங்கே வச்சிருந்தே?"

"தொழுவத்துலங்க."

டைரக்டருக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள நேரமும் இல்லை. இத்தனை அடி வாங்கியவரைப் பற்றி அப்போதுதான் நினைப்பு வந்தது. மருந்துப் பெட்டியோடு கம்பத்துக்குப் பின்னால் போனார்.

முதுகைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒரு கோடு இல்லை. தலைக்கு ஒரு சாண் மேலே, கம்பம்தான் பட்டை உரிந்து கிடந்தது.

"ஒரு அடிகூட மேலே படலையே. அப்புறம் எதுக்குங்க அந்தக் கத்து கத்தினீங்க?"

வெங்கடாசலம் சட்டையை மாட்டிக்கொண்டார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"இது படலை, அடுத்தது படும்னுதாங்க. சாட்டை எங்கையில இருந்திருந்தா பட்டிருக்கும்."