மல்லிகாவின் இசைத்தட்டு

கிட்ட வந்து இருங்கோ பிள்ளைகளே, முல்லைத்தீவு நபீஸா கொதித்தெழுந்த கதை ஒன்று சொல்கிறேன்.

"இஞ்சேருங்கோ, திரும்பவும் அதே பாட்டோ?" என்று பொரிந்தாள் நபீஸா. கணவர் பாறூக், வவுனியாவில் வாங்கிவந்த பழைய பொப் இசைத்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அலுமாரி நிறையத் தட்டுகள், எல்லாம் 'மல்லிகா' என்று ஒருத்தியைக் கூப்பிடுகிற அந்த ஒரே பாட்டுத்தான்.

"ஆர் இந்த மல்லிகா? பேரப்பிள்ளை கண்ட வயசில வெக்கமில்லையோ?"

"பொறு புள்ள." அவர் தட்டைச் சுழலவிட்டார். பாதிப் பாட்டில் அது, "மல்லிகா, மல்லிகா" என்று ஓரிடத்திலேயே சிக்கி நின்றது.

"கீறல் விழுந்ததைப் போய்த் தூக்கிவந்திருக்கிறியள்!"

பாறூக் துள்ளி எழுந்தார். "இதைத்தான் புள்ள தேடினனான்! மற்றதுகள் எல்லாம் ஒழுங்காப் பாடித் துலைச்சுதுகள். எங்கட கலியாணத்தில லவுட்ஸ்பீக்கர்காரன் போட்ட தட்டு இதே இடத்திலதான் சிக்கினது. பொம்பிளையள் இருந்த திரைக்கு அங்கால நீ கலகலவெண்டு சிரிச்சாய். உன்ர முகம் காண முந்தியே அந்தச் சிரிப்பில விழுந்திட்டன்."

நபீஸாவுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"சிரிச்சது எனக்கு மூத்தவ, எங்கட ராத்தா! நான் அழுதுகொண்டிருந்தனான். இத்தனை வருசமா அதுகூடத் தெரியாதோ உங்களுக்கு?"

பாறூக் ஊசியைத் தூக்கிப் பாட்டை நிறுத்தினார். கதிரையை அவள் பக்கம் இழுத்துப்போட்டு இருந்தார்.

"ஏன் புள்ள அழுதனீ?"

அப்படிக் கேட்க ஓர் ஆள், உங்கள் வீட்டிலும் என்றைக்கும் இருக்கட்டும் பிள்ளைகளே.